கல்லுக்குக் காசு கிடையாது

பாட்டி காலத்து ஐரோப்பிய மோதிரம் ஒன்று: வெள்ளைத் தங்கம், நடுவில் கருஞ்சிவப்பாய் ஒரு கார்னெட். இதை மணிமங்கலத்தில் அடகு வைக்கப் போனால் என்ன நடக்கும்? "வெள்ளியா இது?" என்பது முதல் கேள்வியாக இருக்கும். கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். கல்லுக்குக் காசு கிடையாது என்பது நம்மூர் நகைப் பொருளாதாரத்தின் எழுதப்படாத சட்டம். இதை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் எது மணி, எது பொன் என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கடைத்தெருவில் மணிகளைச் சாதி பிரிக்கிறது. பொன்னையும் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்காக்குகிறது. கோமேதகத்துக்கும் அங்கே இடமுண்டு. இன்றைய கனிமவியலில் கோமேதகம் கார்னெட் குடும்பத்துக் கல். அதே குடும்பத்துச் சிவப்புக்கல்லுக்கு நவரத்தினப் பந்தியில் இலை இல்லை. மாணிக்கத்தின் சாயல் கொண்டது, ஆனால் மாணிக்கம் இல்லை. அதுதான் அதன் குற்றம்போல. சாதி என்ற சொல் கல்லுக்கும் மனிதருக்கும் பொதுவாக இருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பந்தியில் இடமில்லாத அந்தக் கல் வெளியே நன்றாகவே விலைபோயிருக்கிறது. அரிக்கமேட்டில் கார்னெட் மணிகள் கிடைத்துள்ளன. 481 வாக்கில் இறந்த பிராங்கு அரசன் சில்டெரிக்கின் கல்லறை 1653இல் பெல்ஜியத்தின் தூர்னேயில் திறக்கப்பட்டது. அதிலிருந்த பொன்னணிகளில் பதிந்திருந்தவை கார்னெட்டுகள். அக்கால ஐரோப்பிய நகைகளின் கார்னெட்டுகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனவை என்பது கல்லின் வேதியியலைச் சோதித்தவர்கள் கண்ட முடிவு. நம் வரலாற்று நூல்களோ மணிமங்கலத்தை 642இல் வாதாபி விழுமுன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற களமாகத்தான் அறியும். கூரம் செப்பேடு அப்படித்தான் சொல்கிறது. சோழர் கல்வெட்டு இதே ஊரை உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்கிறது. அரசர்களுக்கும் பிரமதேயத்துக்கும் கல்லில் எழுத்து இருக்கிறது. மணியைத் தோண்டியவன், துளையிட்டவன் கதைதான் எங்கும் வெட்டப்படவில்லை.

வெள்ளைத் தங்கம் இருபதாம் நூற்றாண்டின் சரக்கு. முதல் உலகப்போரில் பிளாட்டினம் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட, தங்கத்தில் நிக்கலோ பல்லேடியமோ கலந்து வெளுக்கவைத்து அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். 14 காரட், 18 காரட் என்பது அங்கே கௌரவமான மாற்று. இங்கே 14 காரட் என்றால் வேறு நினைவு. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றன. பட்டறைகள் அணைந்தன. பொற்கொல்லர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 1968இல் சட்டமாகவே ஆகி, 1990இல்தான் அது ரத்தானது. தங்கத்தில் கலப்பு என்றாலே நம் ஜனங்கள் முகம் சுளிப்பதை வெறும் ரசனைக் குறைவு என்று பேசும் அழகியல்காரர்கள் இந்த முப்பதாண்டைக் கொஞ்சம் படிக்கலாம்.

கார்னெட் இன்றைக்கும் தமிழ்நாட்டுச் சரக்குதான், மணலாக. தென்மாவட்டக் கடற்கரைகளில் அதை அள்ளுவதற்கு 2013இல் அரசு தடைபோட்டது. மோதிரத்துக்கு யாரும் அள்ளவில்லை. உப்புத்தாளுக்கும், நீர்ப்பீச்சில் கலந்து இரும்புத் தகடு அறுப்பதற்கும் போனது. மணிமங்கலத்தைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று தகடு அறுக்கும் தொழிற்சாலைகள் நிறைந்த மண்ணில், ஷிஃப்ட் முடிந்து வரும் பையன் சம்பளத்துக்கு முன்னால் பணம் வேண்டுமென்றால் இருக்கிற அரைப் பவுனைக் கொண்டுபோய் வைக்கிறான். அதில் கல் இருந்தால் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.