வீட்டுக் கூரையின் உபரிச் சூரிய மின்சாரம் (புதுக்கோட்டை மாவட்டம்)

வீட்டு மொட்டைமாடியில் அமைத்த சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தில் வீட்டுச் செலவுக்குப் போக மிஞ்சுவதை மின்வாரியக் கம்பிக்குள் அனுப்பி, அதற்கு ஈடாகக் கட்டணக் கழிவோ பணமோ பெறும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் 2013 முதல் சட்டப்படி நடைமுறையில் உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று தனி விதி ஏதும் இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளே இங்கும் செல்லும். ஆனால் வெயில், வீடுகளின் அமைப்பு, வெளிநாட்டில் பிழைக்கும் குடும்பங்கள், புயல் ஆகியவை இம்மாவட்டத்தில் அந்த விதிகளின் பலனைத் தமக்கேற்ற வகையில் மாற்றுகின்றன.

உபரி எப்படிப் போகிறது

பகல் 11 மணிக்கு வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வீட்டில் இல்லை. ஓடுவது குளிர்பதனப் பெட்டியும் ஒரு மின்விசிறியும்தான். 3 கிலோவாட் தகடுகள் அப்போது தம் உச்சத்தை நெருங்கி உற்பத்தி செய்துகொண்டிருக்கும். தகடுகள் தருவது நேர் மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதை மாறு மின்னோட்டமாக்கி, வாரியக் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு இசைவித்து அனுப்புகிறது. வீட்டுக்கு வேண்டியதை வீடு எடுத்துக்கொள்ள, மீதி சர்வீஸ் கம்பி வழியாகத் தெருவுக்குப் போகிறது. அது மின்மாற்றியைத் தாண்டி வெகுதூரம் போவதில்லை. அதே தெருவில் அரைத்துக்கொண்டிருக்கும் மாவு மில்லோ பக்கத்து வீட்டு மோட்டாரோ அதை அப்போதே பயன்படுத்திவிடும்.

வாசல் பெட்டியில் பழைய மீட்டருக்குப் பதில் இருதிசை மீட்டர் இருக்கும். அதன் சிறு திரையில் எண்கள் மாறி மாறி ஓடும்: வாரியத்திடமிருந்து வாங்கிய யூனிட் ஒன்று, வாரியத்துக்குக் கொடுத்த யூனிட் மற்றொன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கீட்டாளர் இரண்டையும் குறித்துக்கொள்வார். தகடுகள் மொத்தம் எவ்வளவு உற்பத்தி செய்தன என்பதை இந்த மீட்டர் காட்டாது. வீட்டுக்குள்ளேயே செலவான பங்கு அதன் பார்வைக்கு வராமலேயே போய்விடுகிறது. புதிதாகத் தகடு போட்டவர்கள் பலர் இன்வெர்ட்டர் செயலியில் தெரியும் எண்ணையும் மீட்டரில் தெரியும் எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்புவது இதனால்தான்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது பொதுக்கணக்கு. புதுக்கோட்டை ஏறத்தாழ வடக்கு 10.4 பாகையில் இருக்கிறது. தகடுகளைத் தெற்கு நோக்கி அதே அளவு சாய்த்து வைப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உற்பத்தி இறங்கும். பங்குனி முதல் ஆனி வரை உயரும். ஆனால் செம்மண் புழுதி படிந்த தகடு சித்திரை வெயிலிலும் குறைவாகவே தரும். அதிகாலையில், தகடு சூடேறும் முன், தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவது நல்லது.

விலை மாறிய கதை

2011இல் தொடங்கிய சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடுகளுக்குச் சூரிய விளக்குகள் தரப்பட்டன. அவை மின்கலத்தோடு தனித்து இயங்கியவை. வாரியக் கம்பியோடு அவற்றுக்குத் தொடர்பு கிடையாது. கொடுத்து வாங்கும் கணக்கு என்ற எண்ணத்தை வீட்டுக்காரர்களிடம் கொண்டுவந்தது 2012இன் தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை. 2014 மார்ச் 31க்குள் தகடு அமைக்கும் வீடுகளுக்கு உற்பத்தி ஊக்கத்தொகையாக முதல் 2 ஆண்டுகள் யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த 2 ஆண்டுகள் 1 ரூபாய், அதற்கடுத்த 2 ஆண்டுகள் 50 காசு என்று அக்கொள்கை அறிவித்தது.

2013 நவம்பரில் ஆணையம் நிகர அளவீட்டு ஆணையைப் பிறப்பித்தது. கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து கழிக்கலாம். மிச்சத்தை அடுத்த பில்லுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஓராண்டு நுகர்வில் 90 விழுக்காடு வரைதான் கணக்கில் ஏறும். அதற்கு மேல் கொடுத்தது கணக்கிலேயே சேராது. தேவைக்கு மேல் தகடு போட்டவர் வாரியத்துக்கு இலவசமாக மின்சாரம் கொடுத்தார் என்றுதான் பொருள்.

2019இல் வந்த புதிய சூரியக் கொள்கையும், அதே ஆண்டு மார்ச்சில் வந்த ஆணையும் முறையையே மாற்றின. யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது போய், அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2.28 ரூபாய் என்று விலை வந்தது. வாங்கும் யூனிட்டுக்கோ வழக்கமான வீதம். பகலில் 2.28 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு இரவில் இரண்டு, மூன்று மடங்கு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. வாரியத்தின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு: இரவில் மின்சாரத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவும் கம்பியைப் பராமரிக்கும் செலவும் வாரியத்தின் தலையில்தான் விழுகின்றன. ஆனாலும், கொடுக்கும் யூனிட் அதே தெருவிலேயே அதே பகலில் முழு விலைக்கு விற்கப்படுகிறது. நெடுந்தொலைவுக் கம்பியில் நேரும் இழப்பும் அதில் இல்லை. இதை எண்ணிப் பார்த்தால் 2.28 ரூபாய் மிகக் குறைந்த விலை.

2020 டிசம்பர் 31இல் மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளும் அவற்றின் 2021 திருத்தமும் நிகர அளவீட்டை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தன. அதே 2021இல் ஆணையம் புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது. வீட்டு இணைப்புகளுக்கு நிகர அளவீடு திரும்பியது. கடை, தொழிலகம் போன்றவற்றுக்கு, அனுப்பும் யூனிட்டைத் தனி விலையில் மதிப்பிடும் முறை வந்தது. உற்பத்தி முழுவதையும் வாரியத்துக்கே விற்கும் மொத்த அளவீட்டுக்கும் இடம் உண்டு. வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்காகக் கூடவே விதித்த வலையமைப்புக் கட்டணத்தை எதிர்த்துச் சிறு தொழில் நடத்துவோர் போராடினர். 2023இல் மாநில அரசு அவர்களுக்கு அதைப் பாதியாகக் குறைத்தது.

எவ்வளவு மிச்சம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2022 செப்டம்பர் வீதப்படி 200 யூனிட் செலவழித்தால் 225 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். அதைத் தாண்டினால் வீதம் எகிறும்: 800 யூனிட்டுக்கு 4,550 ரூபாய். பின்னர் இந்த வீதங்கள் உயர்ந்தன. அடுக்கு முறை அப்படியே இருக்கிறது.

இரண்டு அறைக் குளிரூட்டிகள் ஓடும் வீடு ஒன்று இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் செலவழிக்கிறது என்று கொள்வோம். 3 கிலோவாட் தகடு நாளுக்கு 12 யூனிட் வீதம் 60 நாளில் 720 யூனிட் தரும். நிகரம் 80 யூனிட். அது இலவச வரம்புக்குள் அடங்கிவிடுவதால் எரிசக்திக் கட்டணமே வராது. 2022 கட்டணப்படி, பில்லுக்கு 4,550 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 27,300 ரூபாய் மிச்சம். இதே தகட்டை 200 யூனிட் மட்டும் செலவழிக்கும் ஒரு ஆலங்குடி வீட்டில் வைத்தால் மிச்சமாவது ஆண்டுக்கு 1,350 ரூபாய்தான். மற்ற யூனிட்டுகள் எல்லாம் உபரியாகக் கம்பிக்குள் போய்விடும்.

ஒரு யூனிட்டின் மதிப்பு, அது எந்த அடுக்கைக் கழிக்கிறது என்பதைப் பொறுத்தது. 2022 வீதப்படி மேல் அடுக்கைக் கழிக்கும் யூனிட் 8, 9 ரூபாய்க்குச் சமம். கழிக்க ஏதுமின்றி ஆண்டு முடிவில் விற்பனைக் கணக்குக்குப் போகும் யூனிட்டுக்கு அதைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே கரண்டை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று எண்ணிப் பெரிய தகடு போடுவது இன்றைய விதிகளில் வீண்செலவு. முந்தைய ஓராண்டின் ஆறு பில்களை எடுத்து யூனிட்டுகளைக் கூட்டி, அந்த அளவுக்கே தகடு போடுவது சரியான வழி. விற்பனையாளர்களில் சிலர் இந்தக் கூட்டலை வீட்டுக்காரரிடம் காட்டுவதில்லை.

புதுக்கோட்டையில் இதற்கு ஒரு கூடுதல் பொருத்தம் உண்டு. அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தில் எழுந்த மாடி வீடுகள் நிறைய. அவற்றில் சில ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும், அல்லது வயதான பெற்றோர் இருவர் மட்டும் இருப்பர். நல்ல கான்கிரீட் மாடி, நிழலில்லாத வெயில், தகடு போடக் கையில் பணம், எல்லாம் இருக்கும். கழிப்பதற்கு நுகர்வுதான் இருக்காது. அத்தகைய வீட்டில் 3 கிலோவாட் தகடு ஆண்டுக்குத் தரும் 4,380 யூனிட்டையும் 2019இன் விலையில் விற்றாலும் 10,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே வரும். திருமயம், பொன்னமராவதி பக்கத்து ஓட்டு வீடுகளின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே ஆள் இருப்பார்கள், மின்விசிறி சுழலும், ஆனால் நாட்டோட்டின் மேல் தகடு நிறுத்தத் தனிச் சட்டம் அடிக்க வேண்டும்.

மானியமும் நடைமுறையும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் நாடு முழுக்க 1 கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், ஆக உச்சவரம்பு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் கூடாது. உள்நாட்டில் தயாரான தகடுகளுக்கே இது பொருந்தும். தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிந்து, பட்டியலில் உள்ள விற்பனையாளரைத் தேர்ந்து, தகடு நிறுவியபின் மின்வாரிய ஆய்வும் மீட்டர் மாற்றமும் முடிந்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பெயர் ஒத்துப்போக வேண்டும். பாட்டனார் பெயரிலேயே மின் இணைப்பு நிற்கும் கிராமத்து வீடுகளில் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 பிப்ரவரித் திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. அவை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். 5 கிலோவாட் வரை கம்பி, மின்மாற்றி வலுப்படுத்தும் செலவு மின்பகிர்மான நிறுவனத்தைச் சேர்ந்தது. விதி இப்படி இருந்தும், இருதிசை மீட்டர் தட்டுப்பாடு தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் புகார். தகடு மாடியில் ஏறி, மீட்டர் வராமல் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்காரருக்கு நட்டம். கடன் வாங்கியவருக்கு வட்டியும் சேர்ந்து ஓடும். இந்தத் தாமதத்துக்கு வீட்டுக்காரர் எந்த வகையிலும் பொறுப்பல்ல.

கரண்ட் போனால்

தெருவில் மின்சாரம் நின்றால், நட்ட நடு வெயிலிலும் கம்பியோடு இணைந்த தகடுகள் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மேல் வீட்டிலிருந்து மின்சாரம் பாயாமலிருக்க இன்வெர்ட்டருக்குள் அமைத்த காப்பு அது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் தென்னையோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. வாரக்கணக்கில் ஊர்கள் இருட்டில் கிடந்தன. மின்கலம் சேர்க்காத தகடு அப்படிப்பட்ட நாட்களில் உதவாது. தண்ணீர் மோட்டாருக்கும் கைப்பேசிக்கும் வழி வேண்டுமென்றால் மின்கலத்தோடு கூடிய கலப்பு இன்வெர்ட்டர் வேண்டும். அதன் கூடுதல் விலைக்கு மானியம் இல்லை.

இன்னொரு தடங்கல் சத்தமில்லாமல் நடக்கும். மின்மாற்றியிலிருந்து வெகுதூரம் இழுத்த கம்பியின் கடைக்கோடி வீட்டில், பகலில் உபரி ஏறும்போது மின்னழுத்தமும் ஏறும். வரம்பு தாண்டினால் இன்வெர்ட்டர் தானாக அணைந்து, சற்று நேரம் கழித்து மறுபடி எழும். பில்லில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. செயலியில் நண்பகல் வரைகோடு பல் பல்லாக உடைந்திருந்தால் மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் சொல்ல வேண்டிய செய்தி அதுதான்.

பிற இடங்கள்

குஜராத்தின் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் 2016இல் பாசன விவசாயிகள் சூரிய பம்புக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, இறைத்தது போக மிஞ்சிய மின்சாரத்தை யூனிட் 4.63 ரூபாய்க்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் விற்றார்கள். விலை கையில் கிடைத்ததால் நிலத்தடி நீரை வீணாக இறைக்காமல் மின்சாரத்தை விற்பதே மேல் என்ற கணக்கு அவர்களுக்கு வந்தது. விவசாய மின்சாரம் இலவசமாகக் கிடைத்து, ஆழ்துளைக் கிணறு ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டே போகும் ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்துக்கு இந்த அனுபவம் மிகவும் பொருந்தும். இங்கே இப்படியொரு சங்கம் முயன்று பார்க்கத் தகுந்தது.

இலங்கை 2016 செப்டம்பரில் தொடங்கிய கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தில் முதல் 7 ஆண்டுகள் யூனிட்டுக்கு 22 இலங்கை ரூபாய், அதன்பின் 20ஆம் ஆண்டு வரை 15.50 ரூபாய் என்று அறிவித்தது. யாழ்ப்பாணம் முதல் காலி வரை கூரைகள் நிறைந்தன. அளவு மிஞ்சியபோது சிக்கலும் வந்தது: 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடி மின்தேவை விழுந்ததால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

குறைகள்

கழிவு யூனிட் பில்லில் ஏறவில்லை, முந்தைய மிச்சம் காணவில்லை, மீட்டர் மாற்றவில்லை என்பன போன்ற புகார்களை முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். தீராவிட்டால் மின் பகிர்மான வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன்பின் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். ஒவ்வொரு பில் நாளிலும் மீட்டர் திரையில் ஓடும் இரண்டு எண்களையும் தேதி தெரியப் படமெடுத்து வைத்திருப்பவரின் மனு அங்கே வலுவாக நிற்கும்.