பழைய வீட்டின் ஓட்டைகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தை மாதத்தில், ரொறன்ரோவில் தம்பி முறையான உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கட்டப்பட்ட செங்கல் வீடு அது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை. யன்னல்களில் பொலித்தீன் தாள் ஒட்டப்பட்டிருந்தது. வாசற்கதவின் அடியில் மணல் நிரப்பிய துணிப்பாம்பு ஒன்று கிடந்தது. ஆயினும் கணுக்காலில் குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. மச்சாள் சாமிப் படத்தின் முன் ஏற்றிவைத்த சாம்பிராணிக் குச்சியின் புகை நேரே எழாமல் மாடிப்படியை நோக்கி வளைந்து சென்றது. "அண்ணை, அந்தப் புகை போற வழியாலதான் என்ர காசும் போகுது" என்றார் தம்பி.

அந்த ஓட்டைகள் கொத்தனாரின் கவனயீனத்தால் மட்டும் உண்டானவை அல்ல. கரியும் விறகும் எரிந்த காலத்து வீடு அது போன்றது. அடுப்பு அறைக்காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியேற்றும்; அதற்கு ஈடாக வெளிக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும். வராவிட்டால் வீடு புகையால் நிறைந்துவிடும். மருத்துவ அறிவும் அதற்குத் துணைநின்றது. கெட்ட காற்றே நோயின் மூலம் என்று நம்பப்பட்ட காலம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இல் எழுதிய தாதியர் நூலில் நோயாளியின் அறைக்காற்றுத் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதே முதல் விதி. அமெரிக்காவில் கதரின் பீச்சரும், 'அங்கிள் டொம்ஸ் கெபின்' எழுதிய அவருடைய சகோதரி ஹரியட் பீச்சர் ஸ்டோவும் 1869 இல் வெளியிட்ட இல்லற நூல், காற்றோட்டத்தை விரிவாக வலியுறுத்தியது. பின்னர் அடுப்பு போய் எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. ஓட்டைகள் மட்டும் இருந்தபடியே இருந்தன. எரிபொருள் மலிவாக இருந்தவரை எவரும் அவற்றைத் தேடவில்லை.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை விதித்தன. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலரிலிருந்து சில மாதங்களுக்குள் 12 டொலரை அண்மித்தது. 1976 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஏழைகளின் வீடுகளைக் குளிருக்கு ஈடுகொடுக்கச் செய்யும் திட்டமொன்றைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஜனாதிபதி காட்டர் கம்பளி மேலாடை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டின் வெப்பத்தைக் குறைத்து வைக்குமாறு கேட்டார். திட்டத்தின் தொடக்கக் காலத்தில் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று யன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் அடித்தனர். கதவு இடுக்குகளுக்குப் பசை பூசினர். நல்ல மனத்தோடு செய்த வேலைதான். ஆனால் அவர்கள் அடைத்தவை கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைகளை.

தெரியாதவற்றைக் கண்டவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார். றொபர்ட் சொக்கொலோ தலைமையிலான குழு ஒன்று நியூ ஜேர்சியின் ட்வின் றிவர்ஸ் குடியிருப்பில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற வரிசை வீடுகளை எழுபதுகளில் ஆண்டுக்கணக்காக அளந்தது. அவை பழைய வீடுகளும் அல்ல. ஒரே அமைப்புள்ள வீடுகளில் ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்கு எரிவாயுவைச் செலவிட்டது. குடியிருப்போர் மாற, கணக்கும் மாறியது. அதைவிட வியப்பானது மற்றொன்று. உட்கூரைக்கு மேலுள்ள வெற்றிடம் வழியாக, பாடநூல் கணக்குச் சொன்னதைவிடப் பன்மடங்கு வெப்பம் வெளியேறியது. கௌதம் தத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த வெற்றிடத்துக்குள் ஏறித் தேடினர். சுவர்களுக்குள்ளேயும், குழாய்களையும் புகைபோக்கியையும் சுற்றியும் நிலவறையிலிருந்து கூரைவரை மறைவான வழிகள் திறந்து கிடந்தன. இளஞ்சூட்டுக் காற்று அவற்றினூடாக மேலேறி வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கீழே புகுந்தது. கணுக்காலில் குளிரும், ஓட்டையோ தலைக்கு மேலே இருக்கும்.

சுவீடனில் யன்னலில் பொருத்திய விசிறியால் வீட்டின் கசிவை அளக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. எழுபதுகளின் இறுதியில் அது பிரின்ஸ்டனுக்கு வந்து, வாசற்கதவில் பொருத்தும் விசிறியாக உருப்பெற்றது. விசிறி உள்காற்றை வெளியே இழுக்க, ஒவ்வொரு கசிவிலும் காற்று சீறும். மச்சாளின் சாம்பிராணிப் புகை காட்டியதையே இக்கருவி இலக்கத்தில் காட்டியது.

கனடாவில் இதைக் கடைசி எல்லைவரை கொண்டு சென்றவர் ஹரோல்ட் ஓர். 1977 இல் ரெஜைனா நகரில் எழுந்த சஸ்கச்சுவான் சேமிப்பு வீட்டை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். 1982 இல், ஏற்கெனவே குடியிருந்த ஒரு சிறு வீட்டின் இறவாரத்தைச் சங்கிலி வாளால் அறுத்தெறிந்து, வீட்டையே பொலித்தீனால் போர்த்தி, அதன் மேல் புதிய சுவர் எழுப்பினர். கசிவில் பத்தில் ஒன்பது பங்கு நின்றது.

அவசரத்தில் தவறுகளும் நேர்ந்தன. 1977 முதல் கனேடிய அரசு கொடுத்த மானியத்தில் பல்லாயிரம் வீட்டுச் சுவர்களுக்குள் யூரியா போமல்டிகைட் நுரை செலுத்தப்பட்டது. நச்சாவி பற்றிய முறைப்பாடுகள் எழ, 1980 டிசம்பரில் அது தடைசெய்யப்பட்டது. பின்னர் அந்த வீடுகளை வாங்க ஆட்கள் தயங்கினர். காற்றை அடைத்தவர்கள் அதற்கு வேறு வழி செய்யாத வீடுகளில் சுவர் பூஞ்சணம் பிடித்தது. எரிகலனின் காபனோரொட்சைட்டு உள்ளேயே தங்கும் ஆபத்தும் இருந்தது. நைட்டிங்கேல் அம்மையார் முற்றிலும் பிழையாகச் சொல்லிவிடவில்லை.

தம்பியின் வீட்டு நிலவறையில், ஊரிலிருந்து வந்து நீண்டகாலம் ஆகாத ஓர் இளைஞர் வாடகைக்கு இருந்தார். இரவும் பகலும் சிறிய மின்சூடாக்கியைப் போட்டுக்கொண்டிருந்தார். குளிர்காற்று முதலில் புகுந்தது அவருடைய அறைக்குள்ளேதான். 2021 இல் மத்திய அரசு அறிவித்த, 5000 டொலர் வரையிலான மானியத்துக்காகத் தம்பியின் வீட்டையும் விசிறி வைத்து அளந்தார்கள். கழிவுக்குழாய் கூரைக்கு ஏறும் இடத்தில், கையை நுழைக்கக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைத்த பின்னர் நிலவறைக் குளிர் தணிந்தது என்று அந்த இளைஞரே தொலைபேசியில் சொன்னார். ஆனால் அம்மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொந்த வீடு வேண்டியிருந்தது. நிலவறைகளில் வாடகைக்கு இருந்தோர் அதற்கு விண்ணப்பிக்க முடியவில்லை. 2024 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்கள் ஏற்பதையும் நிறுத்திவிட்டார்கள்.