ஏணையும் கம்பிக் கட்டிலும்

இலங்கையின் வடக்கே பளையில் பிள்ளையை நித்திரையாக்குவது ஒருத்தியின் தனி வேலையாக இருந்ததில்லை. வீட்டு வளையில் கயிறு போட்டு, பழைய நூற்சீலையை மடித்து ஏணை கட்டுவார்கள். துணி முகத்தை மூடாமலிருக்க மேலே குறுக்காக ஒரு தடி. ஏணையிலிருந்து ஒரு கயிறு வாசல்வரை நீளும். அம்மம்மா அங்கே இருந்து தேங்காய் துருவியபடி அதைக் கால் பெருவிரலில் மாட்டி இழுப்பார். ஆட்டம் நின்றால் பிள்ளை சிணுங்கும், கால் மறுபடி அசையும். அவர் எழும்பினால் கயிறு சித்தியின் கைக்குப் போகும்.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அவரது மகளின் வீட்டில் கம்பிக் கட்டில், இறுக்கமான மெத்தை, தலையணை இல்லை. பிள்ளையை விழித்திருக்கும்போதே கிடத்திவிட்டுத் தாய் அறையைவிட்டு வருகிறாள். அழுதால் சில நிமிடம் பொறுத்துப் போய்த் தடவிவிட்டு வருவாள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடப் பொறுப்பாள். பொஸ்டன் சிறுவர் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் ஃபேர்பர் 1985இல் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை இது.

இரண்டும் ஒரே கவனிப்பிலிருந்து பிறந்தவை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கைக்குழந்தையின் நித்திரை ஏறக்குறைய 50, 60 நிமிடத்துக்கொரு சுற்றாக ஓடுகிறது. சுற்று முடியும் இடத்தில் பிள்ளை லேசாக விழித்து, கண்ணயர்ந்தபோது என்ன இருந்ததோ அதைத் தேடுகிறது. ஃபேர்பர் சொல்வதும் இதுதான், அம்மம்மாவின் காலுக்குத் தெரிந்ததும் இதுதான். ஆட்டத்தைத் தேடும் பிள்ளைக்கு அம்மம்மா ஆட்டத்தைக் கொடுக்கிறார். ஃபேர்பர், தேட ஒன்றுமில்லாதபடி பழக்கு என்கிறார். கயிறு பிடிக்கக் கை இருக்கும் வீட்டுக்கு முதலாவது சரி. இரவில் நாலு தரம் எழும்பி விடிய வேலைக்கு ஓடுகிற ஒற்றைத் தாய்க்கு இரண்டாவது தேவைப்படுகிறது. அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஊரிலிருந்து தொலைபேசியில் சொல்வது அநியாயம்.

அழவிட்டால் பிள்ளையின் மனம் முறிந்துபோகும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. மெல்பேணில் நித்திரைச் சிக்கல் இருந்த 326 பிள்ளைகளைச் சேர்த்துச் செய்த ஆய்வு, அவர்களை ஆறு வயதில் மறுபடி பார்த்து 2012இல் வெளிவந்தது. பெற்றோர் பழக்குமுறை கற்ற பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் மனநிலையிலோ தாயோடுள்ள ஒட்டுதலிலோ வித்தியாசம் தெரியவில்லை. நீடித்த நன்மையும் தெரியவில்லை. ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயதானபோது, பழக்கிய தாய்மாரிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: அந்தப் பிள்ளைகள் ஏழெட்டு மாதத்தவர்கள். இரண்டு மாதப் பிள்ளைக்கு இரவு பகலே இன்னும் பிடிபடவில்லை, பசியும் அடிக்கடி வரும். அதைக் கதவுக்கு வெளியே நின்று அழவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஏணையின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். துணி வளைந்து கிடப்பதால் சின்னப் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு தடைப்படலாம். புரளவும் எழும்பி இருக்கவும் தொடங்கிய பிள்ளை விழும். தட்டையான, இறுக்கமான இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இலும் திரும்பச் சொன்னது. அதில் கட்டில்தான் வெல்கிறது. அதே சங்கம் குறைந்தது ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே பிள்ளை படுக்கட்டும் என்றும் சொல்கிறது. அங்கே பளை வீடு வெல்கிறது. பிள்ளைக்கென்று தனியறை சோடிக்கும் ஸ்காபரோ வீடு இதைக் கவனிக்கவேண்டும்.

இப்போது பளையே மாறிவிட்டது. போர் முடிந்த 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய வீடுகள் பலவற்றில் கயிறு பிடிக்க ஆளில்லை. கணவன் இல்லாத பெண்கள் தென்னந்தோட்டத்துக்கும், முகமாலையில் கண்ணிவெடி அகற்றவும் போயிருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகத்திலுள்ள தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் விடுப்பு. அது முடியும்போது பிள்ளைக்கு நாலு மாதம்தான். நாட்கூலிக்குப் போகிறவளுக்கு அதுவும் இல்லை. தனியே நித்திரைகொள்ளப் பழக்கும் கேள்வி, புத்தகம் வராமலே பளைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் கனடா 2011 கடைசியில் பெற்றோருக்கென்று நீண்டகால விசா கொண்டுவந்தபின், பேரப்பிள்ளையின் கம்பிக் கட்டிலருகே அம்மம்மாவும் வந்து நிற்கிறார். பிள்ளை அழ அழ மகள் நேரம் பார்க்கிறாள். தூக்காதே என்று தாயைத் தடுப்பது அவளுக்கும் வேதனைதான்.

மெல்பேண் ஆய்வில் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த முறைகளில் இன்னொன்றும் உண்டு. தாய் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து, அது தானாகக் கண்ணயரும்வரை பார்த்திருப்பாள். நாட்கள் போகப்போக இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடுவாள். ஒற்றை அறை வீட்டுக்கு இது பொருந்தும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளையைப் பால் குடித்துக் கண் சொருகமுன் நுளம்புவலைக்குள் தட்டையான விரிப்பில் மல்லாக்க விட்டு, நெஞ்சில் கைவைத்து ஆராட்டலாம். பிறகு கையை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் கொடுக்கலாம். காய்ச்சல் கண்டாலோ பால் குறைவாகக் குடித்தாலோ அன்றைக்குப் பழக்குவதை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். எடை ஏறாவிட்டால் வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள்.