கித்தாவும் கறுப்புப் படலமும்

எழுதும்போது ரப்பர், தோட்டத்துப் பேச்சில் கித்தா. கூலிம், பெடோங், சுங்கை பட்டாணி பக்கம் நம்மாட்கள் வந்து சேர்ந்ததற்கே அதுதான் காரணம். ஆனால் 1830களில் கித்தா நம்ப முடியாத சரக்கு. வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்தது. அதற்குப் பிறகுதான் டயர், தோட்டம், நம்மாட்கள் ஏறிய கப்பல் எல்லாம்.

அதே 1839இல் குஸ்டாவ் ரோசே என்ற ஜெர்மானியர் உரால் மலைக் கனிமம் ஒன்றுக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர் வைத்தார். அதே படிக அமைப்பில் செய்யப்படும் பொருள்கள்தான் இன்று அடுத்த தலைமுறை சூரியக் கலங்கள். 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த கலம், விழுந்த ஒளியில் 3.8 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. பத்தே ஆண்டில் அது 25ஐத் தாண்டியது. சிலிக்கனுக்கு இதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

அப்புறம் ஏன் இன்னும் நம்ம கூரைக்கு வரவில்லை? ஈரம்தான். ஈயமும் அயோடினும் கலந்த அந்தக் கறுப்புப் படலம் ஈரம் பட்டால் சிதைந்து மஞ்சளாகிவிடும். சூட்டில் அதிலுள்ள மெத்தில் அமோனியம் ஆவியாகி ஓடும். அதற்குப் பதிலாகச் சீசியம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து ஓரத்தைப் பியூட்டைல் ரப்பரால் அடைக்கிறார்கள். மரத்துப் பால் இல்லை, செயற்கை ரப்பர், இருந்தாலும் சொந்தக்காரன்தான்.

பலகைகளுக்கு ஒரு சோதனை உண்டு: 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம். கணக்குப் போட்டால் 42 நாள். சிலிக்கன் பலகைக்கோ 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். புதுப் பொருள் அந்த இடைவெளியைத் தாண்டியாக வேண்டும்.

இது தூரத்துக் கதை இல்லை. கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் ஃபர்ஸ்ட் சோலார் 2008 முதல் காட்மியம் டெல்லுரைடு பலகை செய்கிறது. அதே நிறுவனம் 2023இல் எவோலார் என்ற சுவீடன் பெரோவ்ஸ்கைட் நிறுவனத்தை வாங்கியது.

செயல்திறன் சாதனைகள் செய்தியாகின்றன. பொருள் நிலைத்து நிற்கும்போதுதான் ஊர்கள் மாறுகின்றன. கித்தா நிலைத்தபோது லாபம் லண்டனுக்குப் போனது, லயம் நமக்கு மிஞ்சியது. இந்த முறை பலகை உடைந்தால் ஈயம் மழைநீரில் கரையும். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்கும்போதே, உழைத்து முடித்த பலகையை யார் திரும்ப எடுத்துப்போவார்கள் என்றும் நாம் கேட்டு வைக்க வேண்டும்.