சைக்கிளும் காரும் ஒரே சாலையில்: ஏன் இந்தப் பகை? சட்டம் சொல்வது என்ன?

கார் கேமராவில் பதிவான காணொளி ஒன்று பரவினால் போதும், கிள்ளான் பள்ளத்தாக்கு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "ரோட் டேக்ஸ் கட்டுறது நாங்க, ரோடு மட்டும் அவங்களுக்கா?" என்று ஒரு தரப்பு கேட்கும். "உரசிக்கிட்டுப் போறீங்களே, உயிர் போனா யாரு பதில் சொல்றது?" என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கும்.

இரு தரப்புமே அடுத்தவரின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. சாலையின் அகலம், வேக வித்தியாசம், சட்டம் ஆகிய மூன்றையும் பற்றிய பேச்சு குறைவு. ஆனால், சண்டையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சைக்கிள் சாலையில் செல்ல அனுமதி உண்டா?

உண்டு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 'வாகனம்' என்பதற்கும் 'மோட்டார் வாகனம்' என்பதற்கும் தனித்தனியே விளக்கம் தருகிறது. இயந்திர விசையால் ஓடுவது மோட்டார் வாகனம். அதற்குத்தான் பதிவு எண், ஓட்டுநர் உரிமம், காப்புறுதி எல்லாம் தேவை. சைக்கிள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், அதுவும் ஒரு வாகனம்தான். எனவே சாதாரணச் சாலையைப் பயன்படுத்தும் உரிமை அதற்கு இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்க வேண்டிய கடமையும் இருக்கிறது.

விதிவிலக்கு, லெபுராயா எனப்படும் விரைவுச்சாலைகள். அங்கு சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நுழைவாயிலில் உள்ள தடைப் பலகையை மீறினால், போக்குவரத்துக் குறியீட்டைப் பின்பற்றத் தவறியதாகச் சட்டத்தின் 79(2) பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். "நாங்களும் சாலையைப் பயன்படுத்துபவர்கள்தான்" என்ற வாதம் இங்கு எடுபடாது.

மின்சாரத்தில் ஓடுபவற்றுக்குத் தனி விதி உண்டு. 2021 டிசம்பரில் அரசிதழில் வெளியான விதிமுறைகளின்படி, மின் ஸ்கூட்டர் போன்ற 'மைக்ரோமொபிலிட்டி' வாகனங்களைச் சாலையில் ஓட்டக் கூடாது. மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவுகிற, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத மின் சைக்கிள் அந்தத் தடைக்குள் வராது.

'ரோட் டேக்ஸ்' கட்டாதவர்களுக்குச் சாலையில் இடம் எதற்கு?

அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான். தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட். அந்தப் பணமும் சாலைக்கென்று தனியாக ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. மற்ற வரிகளைப் போல அரசாங்கத்தின் பொது நிதிக்குத்தான் போகிறது. சாலை போடுவதும் பழுது பார்ப்பதும் அந்தப் பொது நிதியிலிருந்துதான். அந்த நிதிக்கு எல்லாரும் ஏதோ ஒரு வகையில் வரி கட்டுகிறோம், சைக்கிளோட்டிகள் உட்பட.

இன்னோர் உதாரணம்: 2022 தொடக்கம் முதல் 2025 முடியும் வரை மின்சாரக் கார்களுக்குச் சாலை வரி முழுமையாக விலக்கப்பட்டிருந்தது. அதற்காக, "மின்சாரக் கார் சாலைக்கு வரக் கூடாது" என்று யாரும் சொல்லவில்லை. வரிக்கும் சாலை உரிமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

"ஓரமா போனா என்ன?"

இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது.

சாலையின் இடது ஓரத்தில் கால்வாய் மூடி, மணல், குழி, நிறுத்தி வைத்த கார்கள் என்று பல தடைகள் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை போன்ற கடைவீதிகளில் திடீரென்று திறக்கும் கார் கதவும் ஓர் ஆபத்து. அதனால் அனுபவமுள்ள சைக்கிளோட்டி ஓரத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளித்தான் ஓட்டுவார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஓர இடைவெளி 0.5 மீட்டர். சைக்கிள் கைப்பிடியின் அகலம் ஏறக்குறைய 0.6 மீட்டர். பல நாடுகள் பரிந்துரைக்கும் பாதுகாப்பு இடைவெளி 1.5 மீட்டர். புரோட்டோன் சாகா அளவிலான காரின் அகலம் ஏறக்குறைய 1.7 மீட்டர். மொத்தம் 4.3 மீட்டர். நல்ல அகலமான தடம் என்று சொல்வதே 3.5 மீட்டர்தான்.

அதாவது, ஒரே ஒரு சைக்கிள் ஒழுங்காக ஓரத்தில் போனாலும், அதே தடத்திற்குள் இருந்தபடி காரால் அதைப் பாதுகாப்பாக முந்த முடியாது. அடுத்த தடத்திற்கு மாறியே ஆக வேண்டும். அது காலியாக இல்லையென்றால் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில்தான் ஹாரன், முறைப்பு, உரசல் எல்லாமே நடக்கின்றன.

வாகனமோட்டியின் பயமும் பொய்யல்ல

கார் ஓட்டுபவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளை விநாடிக்கு 19 மீட்டருக்கும் அதிகமாக நெருங்குகிறது. ஓட்டுநர் மூன்று விநாடி கைப்பேசியைப் பார்த்தால் இடையிலுள்ள தூரத்தில் 58 மீட்டர் போய்விடும். வளைவுக்குப் பின்னால், விளக்கில்லாத இருட்டில், பின்விளக்கு இல்லாத சைக்கிள் ஒன்று இருந்தால், கவனமாக ஓட்டுபவருக்கும் நேரம் போதாது.

விளக்கு இல்லாமல் ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குழுவாக இரண்டு தடங்களை அடைத்துக்கொள்வது போன்றவை குறித்து வாகனமோட்டிகள் சொல்லும் புகார்களையும் ஒதுக்கிவிட முடியாது. "இடிச்சா கேஸ் நம்ம மேலதான்" என்ற பயம் அந்தக் கோபத்தோடு சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தை நாடு முழுவதும் பரப்பியது ஒரு வழக்கு.

ஜொகூர் பாரு வழக்கு: ஆறாண்டு இழுபறி

2017 பிப்ரவரி 18, அதிகாலை 3 மணிக்குப் பிறகு, ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் 'பாசிக்கால் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் சென்ற பதின்ம வயதினர் கூட்டத்தின் மீது கார் ஒன்று மோதியது. 13 முதல் 16 வயது வரையிலான எட்டுப் பேர் உயிரிழந்தனர். காரை ஓட்டியவர் அப்போது 22 வயதுப் பெண்.

அதன்பின் வழக்கு இப்படி நகர்ந்தது:

• 2019 அக்டோபர்: எதிர்வாதத்திற்கு அழைக்காமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது.
• 2021 பிப்ரவரி: எதிர்வாதம் செய்யும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.
• 2021 அக்டோபர்: மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது.
• 2022 ஏப்ரல் 13: உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, ஆறாண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அவருக்கு ஆதரவான இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.
• 2023 ஏப்ரல் 11: குற்றச்சாட்டு வரையப்பட்ட விதமே குறையுடையது என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இந்த வழக்கிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், "சைக்கிள் என்றாலே வம்பு" என்பது. ஆனால், எட்டுப் பிள்ளைகள் பிரேக் இல்லாத சைக்கிளில் அந்த நேரத்தில் ஏன் சாலையில் இருந்தார்கள், விளையாட அவர்களுக்கு வேறு இடம் இருந்ததா என்ற கேள்விகளை நீதிமன்றத்தால் தீர்க்க முடியவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பினாலும் விடுவித்தாலும், அந்தச் சாலை அப்படியேதான் இருக்கும்.

கிள்ளான் ஒரு காலத்தில் கண்டுபிடித்த வழி

சைக்கிளையும் மோட்டார் வாகனத்தையும் பிரித்துவிடுவது வெளிநாட்டு யோசனை என்று நினைக்க வேண்டாம். 1961இல் திறக்கப்பட்ட கிள்ளான் கோத்தா பாலம் இரண்டு தளங்கள் கொண்டது. மேல் தளம் அன்று மோட்டார் வாகனங்களுக்காக இருந்தது. கீழ்த் தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும். காரும் சைக்கிளும் ஒன்றையொன்று முந்த வேண்டிய அவசியமே அந்தப் பாலத்தில் இருக்கவில்லை.

அதே சிந்தனையில்தான் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித் தடம் வந்தது. உலகிலேயே இத்தகைய தடங்களில் முதலாவது என்று அது குறிப்பிடப்படுகிறது. 1993 நவம்பரில் ஷா ஆலம் பகுதியில் அது நீட்டிக்கப்பட்ட பிறகு, அங்கு மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. அங்கே ஓட்டுபவர்களின் குணம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. சாலைதான் மாறியது.

சைக்கிள் தடம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கான வழிகாட்டியைப் பொதுப்பணி இலாகா 1986லேயே வெளியிட்டுவிட்டது. ஆனால், அகலமாக்கப்பட்ட சாலைகளில் சைக்கிளுக்கென்று இடம் விட்டது அபூர்வம். 2015இல் மிட் வெலிக்கும் டத்தாரான் மெர்டேக்காவுக்கும் இடையே 5.5 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. 2018இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் நகரின் நடுவே நீல வண்ணத் தடங்களை அமைத்தது. வண்ணம் இருந்தது, தடுப்பு இல்லை. கார்கள் அதன்மேல் நிறுத்தப்பட்டன, மோட்டார்களும் அதில் ஓடின. சைக்கிளோட்டி மறுபடியும் கார்களுக்கு நடுவே வந்தார்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

சிங்கப்பூரில் 2022 ஜனவரி 1 முதல் சாலையில் செல்லும் சைக்கிள் குழுவுக்கு வரம்பு உண்டு: ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர். கூடவே, முந்தும் வாகனம் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற வழிகாட்டுதலும் வந்தது. இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் கடமை விதித்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

பத்துப் பேர் ஒற்றை வரிசையில் போனால் அந்த வரிசை 30 மீட்டர் வரை நீளும். இருவர் இருவராகப் போனால் அதில் பாதிதான். தடம் மாறித்தான் முந்த வேண்டும் என்றால், குட்டையான வரிசையை முந்துவது எளிது.

பிரிட்டன் 2022 ஜனவரியில் திருத்திய நெடுஞ்சாலைக் கோவையில், அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசையைக் கொண்டுவந்தது. லாரி, கார், மோட்டார், சைக்கிள், நடப்பவர் என்று பொறுப்பு படிப்படியாகக் குறையும். ஜெர்மனி 2020 முதல் நகருக்குள் 1.5 மீட்டர் இடைவெளியைச் சட்டமாகவே ஆக்கியது.

யார் அந்தச் சைக்கிளோட்டி?

கோபம் பெரும்பாலும் ஞாயிறு காலை விலையுயர்ந்த சைக்கிளில் குழுவாகப் போகிறவர்கள் மீதுதான். அவர்களிடம் விளக்கு, தலைக்கவசம், பின்னால் ஆதரவு வாகனம் என்று ஏதாவது இருக்கும். ஆனால், அதே சாலையில் இருட்டு விலகுமுன் தொழிற்சாலைக்குப் போகும் அந்நியத் தொழிலாளி, சந்தைக்குப் போகும் பெரியவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை ஆகியோரும் சைக்கிளோட்டிகள்தான். அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, வேறு வழி இல்லை. அவர்களைப் பற்றிய காணொளி பரவுவதும் இல்லை. "உனக்கு ஒரு பாடம் கத்துக்கொடுக்கிறேன்" என்று ஒருவர் காரை உரசி ஓட்டும்போது, எந்தச் சைக்கிளோட்டி சிக்குவார் என்று சொல்ல முடியாது.

விபத்து நடந்தால் என்ன செய்வது?

• வாகனத்தை நிறுத்த வேண்டும், காயமடைந்தவருக்கு உதவ வேண்டும், 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது.
• மோட்டார் வாகனங்களுக்கான கட்டாயக் காப்புறுதி, மோதப்பட்ட சைக்கிளோட்டியின் காயத்துக்கும் மரணத்துக்கும் பொருந்தும். காயத்துக்கான இழப்பீட்டு வழக்கைத் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.
• வீட்டிலிருந்து வேலைக்கு நேராகப் போகும் வழியில் அல்லது திரும்பும் வழியில் விபத்து என்றால், பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. சைக்கிளில் போனாலும் உண்டு. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் அதன் வேலையிடக் காயத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். முதலாளி 48 மணி நேரத்திற்குள் தகவல் தர வேண்டும்.
• சண்டையில் கை நீட்டினால் அது சாலைக் குற்றத்தோடு நிற்காது. வேண்டுமென்றே காயம் விளைவித்ததற்குக் குற்றவியல் சட்டத்தின் 323ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.
• ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால், 2020 திருத்தத்திற்குப் பிறகு 41ஆவது பிரிவின் கீழ் தண்டனை ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும்.

2019இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் இறந்தனர். சைக்கிளுக்குத் தடுப்போடு கூடிய தனி இடம் கிடைக்கும்வரை, 4.3 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 3.5 மீட்டரை வைத்துக்கொண்டுதான் நாம் ஓட்டியாக வேண்டும். சைக்கிளில் போகிறவர் செய்ய வேண்டியது, முன்னும் பின்னும் விளக்குப் போடுவது. பின்னால் காரில் வருகிறவர் செய்ய வேண்டியது, அடுத்த தடம் காலியாகும் வரை வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பது. அதற்குப் பெரும்பாலும் பத்து விநாடிகூட ஆகாது.