பதிலி

ஒசூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே பேட் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். சிப்காட்டில் இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு காலி பிளாட், நடுவில் தண்ணீர் தெளித்து இறுக்கிய மண் பிட்ச், டென்னிஸ் பால். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேரே வந்தவன் ஓப்பனிங் இறங்குவான். கீப்பர் தெலுங்கில் கத்துவான், பவுலர் கன்னடத்தில் திட்டுவான், அம்பயர் தமிழில் சமாதானம் பண்ணுவார். இந்த கிரவுண்டில் எல்.பி.டபிள்யூ. கிடையாது. யார் அதைப் பார்த்துச் சொல்வது?

அதனாலேயே இங்கே யார்க்கருக்கு மவுசு. டென்னிஸ் பந்து எடை குறைவு, தரையில் பட்டால் துள்ளும். ஷார்ட்டாகப் போட்டால் பக்கத்து காம்பவுண்டுக்குள் போய் விழும், வாட்ச்மேனிடம் கெஞ்ச வேண்டும். கடைசி ஓவரில் தப்பிக்க ஒரே வழி, பேட்ஸ்மேனின் கட்டைவிரலைப் பார்த்துப் போடுவது. ஸ்டம்ப் தெறித்தால்தான் அவுட், மற்றதெல்லாம் வாக்குவாதம். இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு வளர்ந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் டி. நடராஜன். தர்மபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது, 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக எங்க தாத்தா காலத்துக் கணக்குப்படி அவர் எங்க ஜில்லாக்காரர். அப்பா தறித் தொழிலாளி, அம்மா ரோட்டோரம் கோழிக்கறி விற்றவர். இருபது வயதுவாக்கில்தான் நடராஜன் லெதர் பந்தைக் கையில் எடுக்கிறார். அந்த வயதில் நகரத்துப் பையன்கள் அண்டர்-19 முடித்து ரஞ்சிக் கனவில் இருப்பார்கள். ஊரில் அவருக்கு முன்னோடியாக இருந்த ஜெயப்பிரகாஷின் தூண்டுதலில் சென்னைக்குப் போய், லீகில் நான்காம் டிவிஷனில் ஆரம்பித்தார். பிறகு அவர் ஜெர்சியில் இருந்த பெயர் 'ஜே.பி. நட்டு'. அந்த ஜே.பி. இவர்தான்.

2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி அறிமுகம். முதல் மேட்சிலேயே பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார். பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. காலி பிளாட்டில் யாரும் கோணமானி வைத்து அளப்பதில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம், பயிற்சியாளர்களின் உதவியோடு, பல வருஷப் பழக்கத்தைக் கையிலிருந்து பிரித்தெடுத்து மறுபடி மாட்டினார். என்னைக் கேட்டால், பிரிஸ்பேனைவிடப் பெரிய சாதனை இதுதான். கை மறந்தால்தானே புதுசாக ஒன்றைப் படிக்கும்? மெஷின் மாறினால் பழைய ஆபரேட்டர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

2016 டி.என்.பி.எல்.லில், திண்டுக்கல் டிராகன்ஸுக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கர் யார்க்கராக இறக்கினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் எடுத்தது 3 கோடிக்கு. ஆடியது ஆறு மேட்ச், எடுத்தது 2 விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்கா வரை ஒரு நடை போய்வரலாம். அங்கே என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி முடித்த பையன்களை ஏழு சுற்றாகப் பெயர் சொல்லி எடுக்கும், அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஏழு சுற்றிலும் பெயர் வராதவன் 'அன்டிராஃப்டட்'. 2004இல் வெஸ் வெல்கர் என்ற குள்ளமான பையனை யாரும் எடுக்கவில்லை. ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் இடம் அவருடையது. வெளியிலிருந்து சேர்த்துக்கொண்ட சான் டியேகோ அணியும் முதல் மேட்சோடு அனுப்பிவிட்டது. பின்னால் அவர் பிடித்த பந்துகள் மொத்தம் 903. ஐந்து சீசன்களில் நூற்றுக்கும் மேல். அங்கே 'பிராக்டிஸ் ஸ்குவாட்' என்று ஒரு வகை உண்டு. வாரம் முழுக்க எதிரணிக்காரன் மாதிரி ஆடிக்காட்டுவார்கள், மேட்ச் அன்று உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் நெட் பவுலர்.

2020 ஐ.பி.எல். ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. நடராஜனுக்கு 16 மேட்சில் 16 விக்கெட். அபுதாபி எலிமினேட்டரில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரை அன்று ராத்திரி எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தோம்! ஆஸ்திரேலிய டூருக்கு அவர் பெயர் வந்தது, நெட் பவுலராக.

பருத்தி மில் காலத்தில் 'பதிலி' என்று ஒரு வார்த்தை புழங்கியது. நிரந்தரத் தொழிலாளி வராத அன்று அவர் மெஷினில் நிற்பவர் பதிலி. கேட்டில் காத்திருப்பார், பெயர் கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் வீடு. ஒசூரில் இன்று அந்த வார்த்தை இல்லை, கான்ட்ராக்ட் என்கிறோம். நடராஜனின் ஆஸ்திரேலியக் கணக்கைப் பாருங்கள். வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டை, இவர் டி20 அணியில். சைனிக்கு முதுகு, ஒருநாள் அணியிலும் சேர்ப்பு. உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால், டெஸ்ட் அணியில். பும்ராவுக்கு வயிற்றுத் தசை, பிரிஸ்பேன் பதினொருவரில். ஒவ்வொரு கதவையும் வேறொருவரின் வலிதான் திறந்துவிட்டது. அதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. கூப்பிட்டபோது தயாராக நின்றார், அவ்வளவுதான்.

டிசம்பர் 2, கான்பெரா, ஒருநாள் அறிமுகம், முதல் விக்கெட் லபுஷேன். 4ஆம் தேதி டி20 அறிமுகம், 30 ரன்னுக்கு 3 விக்கெட். தொடர் முடிந்ததும் ஹர்திக் பாண்டியா தன் தொடர் நாயகன் விருதை இவர் கையில் கொடுத்தார். 2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். விடிகாலை ஐந்தரைக்கு மேட்ச். இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரர் நடராஜன், 301 வாஷிங்டன் சுந்தர். அவரும் டெஸ்டுக்கு நெட் பவுலராக நிறுத்தி வைக்கப்பட்டவர்தான். முதல் இன்னிங்ஸில் நடராஜன் 78 ரன்னுக்கு 3. மூன்று வடிவங்களிலும் ஒரே டூரில் அறிமுகமான முதல் இந்தியர். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத காபாவில் இந்தியா ஜெயித்தது. ரஹானே கோப்பையை வாங்கி நடராஜனிடம் நீட்டினார். ஐ.பி.எல். நடக்கும்போது பிறந்த மகளை அவர் அதுவரை நேரில் பார்த்திருக்கவில்லை.

ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் ஊர்வலம். பெரும்பாலான கட்டுரைகள் இந்தச் சாரட் வண்டியோடு முடிந்துவிடும். ஏழைப் பையன் ஜெயித்தான், சுபம். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததும் வரலாறுதான்.

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். சாம் கரன் நூறை நெருங்கி நிற்கிறார். பந்து நடராஜனிடம். கொடுத்தது ஆறே ரன், இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அதன் பிறகு இந்தியாவுக்காக அவர் ஆடவில்லை. ஏப்ரலில் முழங்காலில் ஆபரேஷன். இந்த முறை மெஷினை விட்டு இறங்கியது அவர், வேறு யாரோ ஏறினார்கள். மொத்தம் ஒரு டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20.

2022 ஐ.பி.எல்.லில் 18 விக்கெட், 2024இல் 19. டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. 2025 சீசனில் இறக்கிவிட்டது இரண்டே மேட்சில். பணத்தைப் பார்த்து இரக்கப்பட ஒன்றுமில்லை என்பீர்கள், சரிதான். ஆனால் பவுலருக்குப் பந்து வேண்டும். 2023இல் சின்னப்பம்பட்டியில் அவர் சொந்தமாக ஒரு கிரவுண்ட் கட்டித் திறந்தார். அங்கே பையன்கள் இருபது வயது வரை காத்திருக்காமல் லெதர் பந்து போடலாம்.

எங்கள் பிளாட்டில் ஒரு லெஃப்டி இருக்கிறான். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், கான்ட்ராக்டில் ஏழு மாசம். போன ஞாயிறு கடைசி ஓவரை அவனிடம்தான் கொடுத்தோம். நாலு யார்க்கர், ஒரு ஃபுல்டாஸ், ஒரு வைடு. மிச்சம் ஒரு பந்து இருக்கும்போது சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. யாரோ லீவாம், ஜெனரல் ஷிஃப்டுக்கு வரச் சொன்னார்கள். "இருங்கண்ணா, இதைப் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லி, போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ரன்-அப்புக்கு நடந்தான்.