பலெர்மோவில் வீடும் அயலும்

வீடு என்னும் சொல்லுக்குச் சைவப் பெரியோர் இரண்டு பொருள் கண்டனர். ஒன்று குடியிருக்கும் மனை; மற்றையது முத்தி. முத்தியின்பத்தைப் பற்றி நூல்கள் பல உள. மனையின்பம் எதனால் உண்டாகிறது, எதனாற் கெடுகிறது என்பதை அறிய விரும்புவோருக்குச் சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவின் வரலாறு பயன்படும்.

அந்நகரின் மத்திய புகையிரத நிலையமாகிய ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886 இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பல்லரோ சந்தை; சந்தையைச் சூழ்ந்தது அல்பெர்கேரியா என்னும் பழைய குடியிருப்பு. 1943 இல் நேச நாடுகளின் குண்டுவீச்சு பழைய நகரின் பல வீடுகளைத் தரைமட்டமாக்கியது. போருக்குப் பின் அவற்றைத் திருத்துவார் அதிகம் இல்லை. மாஃபியாக் கும்பலும் சில அரசியல்வாதிகளும் கைகோத்து, நகரைச் சூழ்ந்த பழத்தோட்டங்களை அழித்து மாடிக் கட்டடங்களை எழுப்பினர். இத்தாலியர் இதனைப் ‘பலெர்மோவின் சூறையாடல்’ என்பர். 1968 சனவரியில் நேர்ந்த பெலிச்சே பூமியதிர்ச்சி எஞ்சியோரையும் அசைத்தது. 1951 இல் சுமார் 125,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் 1981 இல் 40,000 பேர்கூட இல்லை. ஏழைகளுக்கென வடகோடியில் ‘ட்சென்’ என்னும் தொடர்மாடித் தொகுதி கட்டப்பட்டது. புதிய சுவர்கள்தாம், ஆனால் சந்தையும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. அத்தொகுதி துன்பத்துக்கே பேர்போனதாயிற்று.

இவ்வாறு காலியான வீடுகளுக்குத்தான் 1983 ஆடிக் கலவரத்தின் பின் ஈழத் தமிழர் வந்து சேர்ந்தனர். வாடகை மலிவு என்பதே முதற் காரணம். சுவரில் ஈரம், சூரியனைக் காணாத அறைகள். இதனை அழகுபடுத்திச் சொல்வதிற் பொருளில்லை. எனினும் ஒழுங்கைக்குள் இறங்கினால் தமிழ்க் குரல் கேட்டது. கறிவேப்பிலை வாங்கக் கடை வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலியிற் பொட்டு விட்டு அயலாரோடு போக்குவரத்துச் செய்த மக்களுக்கு, ஒடுங்கிய அந்த ஒழுங்கைகள் அந்நியமாக இருந்திரா. அல்பெர்கேரியாவில் சலேசியப் பாதிரிமாரின் சாந்தா கியாரா நிலையம் குடியேறிய பல நாட்டவருக்கும் உதவிற்று. நிலையத்தில் 101 ஆம் இலக்க பஸ் ஏறினால் செல்வந்தர் வாழும் லிபெர்த்தா வீதி. பழைய நகரில் வாழ்ந்தவர்கள், புதிய மாடிகளுக்குப் போய் வீடு துப்புரவாக்கியும் முதியோரைப் பராமரித்தும் பிழைத்தனர். வேடிக்கையான நிலைமைதான்.

அயலின் அருமையை வைத்தியர்களும் கண்டுள்ளனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இத்தாலியர் குடியேறிய ரொசெத்தோ என்னும் ஊரில் இருதய நோயால் இறப்போர் தொகை அயலூர்களினும் குறைவாயிருந்ததை 1960களில் ஆராய்ந்தனர். அவர்களுடைய உணவு அப்படியொன்றும் உத்தமமானதல்ல. மூன்று தலைமுறை ஒரு கூரையின்கீழ் வாழ்ந்ததும், அயலார் ஒருவரையொருவர் தாங்கியதுமே காரணம் என்றனர். பின்னர் அவ்வூரார் பெரிய வளவுகளில் தனித்தனி வீடு கட்டிப் பிரிந்தனர். 1935 முதல் 50 ஆண்டு மரணப் பதிவுகளை ஆராய்ந்து 1992 இல் வெளியான கட்டுரை, அந்த நன்மை பிற்காலத்தில் மறைந்துவிட்டதைக் காட்டியது.

அயல் என்பது வீதியோடு முடிவதுமில்லை. 1624 இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் வாட்டியபோது, பெல்லெகிரினோ மலையிற் கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் புனித ரொசாலியாவினுடையவை எனக் கொண்டு ஊர்வலம் வந்தனர். நோய் தணிந்தது என்பது அந்நகரத்தார் நம்பிக்கை. அவள் குகைக் கோயிலுக்கு ஞாயிறுதோறும் மலையேறுவோரில் தமிழர் பலர். அவர்களுட் சைவரும் உளர். குன்றிருக்கும் இடமெல்லாம் தெய்வம் கண்டவர்களுக்கு இது புதிதன்று. அங்கே அவர்களைக் காணும் பலெர்மோவாசிகள் தம் ஊரவரெனவே மதிக்கலாயினர்.

2015 இல் பலெர்மோவின் அராபிய, நோர்மானியக் கட்டடங்கள் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. கைவிடப்பட்டிருந்த பழைய நகருக்கு மறுபடியும் மதிப்பு வந்துவிட்டது. வீடுகள் பல திருத்தப்பட்டு உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகின்றன, வாடகையும் ஏறுகிறது. தமிழருட் சிலர் இத்தாலியக் குடியுரிமை பெற்று இங்கிலாந்துக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் பல்லரோவின் அருகில் வீடு தேடும்போது, இப்போது சுவரின் ஈரத்தைவிட வாடகையையே முதலில் விசாரிக்க வேண்டியுள்ளது.